வேண்டாத மின்னஞ்சலை வாசலிலேயே நிறுத்துவோம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் இன்று மின்னஞ்சல் முகவரி இல்லாத வீடு அரிது. வந்த அஞ்சலைத் திறந்து ஒழுங்காகப் படிக்கும் வீடு அதைவிட அரிது. ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "அதுல என்ன இருக்கு? பூரா விளம்பரம்!"

இந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிள்ளையின் தேர்வு நுழைவுச்சீட்டும், வேலைக்கான அழைப்பும், வங்கியின் எச்சரிக்கையும், வெளிநாட்டில் இருப்பவரின் விசாத் தாளும் அந்த விளம்பரங்களுக்கு நடுவேதான் வந்து விழுகின்றன. வாசலில் குப்பை சேர்ந்துவிட்டது என்பதற்காக யாராவது கொல்லைப்புறமாகவே நடமாடத் தொடங்குவார்களா? தினமும் உட்கார்ந்து அழிப்பதும் பயன்படாது. அழிப்பவர் ஒருவர், அனுப்புகிறவர்கள் ஆயிரம் பேர். முகவரி யார் யார் கைக்குப் போகிறது என்பதில் நாம் கணக்காக இருந்தாலொழிய இது தீராது என்பதே என் கட்சி.

நமது வட்டாரத்துக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. 1956 நவம்பர் முதல் தேதி விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு போயிற்று. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. இருந்த இடத்திலேயே கேரளத்தவர் ஆனவர்கள் நம்மில் பாதி. பிழைப்புக்காகப் பின்னால் வந்து தங்கியவர்கள் மீதி. எப்படியானாலும் நம் வாழ்க்கை இரு பக்கமும் நடக்கிறது. மீனும் காய்கறியும் களியக்காவிளைச் சந்தையில், துணிமணி மார்த்தாண்டத்தில் அல்லது நாகர்கோவிலில், நகை திருவனந்தபுரத்தில், ரேஷன் பாறசாலையில். போகிற கடையிலெல்லாம் பில் போடுகிறவர் தலை நிமிராமலே கேட்கிறார். இந்தப் பக்கம் "மெயில் ஐடி ஒந்நு பறயாமோ?" அந்தப் பக்கம் "மெயில் ஐடி சொல்லுங்க." நாமும் பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டு வருகிறோம். விளைவு, கேரளத்தாருக்கு ஓணத் தள்ளுபடி வருகிறது, தமிழ்நாட்டாருக்கு ஆடித் தள்ளுபடி வருகிறது, நமக்கு இரண்டும் வருகின்றன. போதாததற்கு விஷு, பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ். எல்லையில் குடியிருப்பவனுக்கு விளம்பரமும் இரட்டிப்பு!

நான் அஞ்சல் துறையில் கடிதம் பிரித்து வயிறு வளர்த்தவன். ஆகவே இதை அந்தக் கண்ணோடு பார்க்காமல் இருக்க முடியவில்லை. தபால் காலத்திலும் வேண்டாத கடிதங்கள் இருக்கத்தான் செய்தன. மொட்டைக் கடிதம் இருந்தது. "இதைப் படித்தவர் இத்தனை பேருக்கு எழுதி அனுப்பவும், அனுப்பியவருக்குப் புதையல் கிடைத்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார்" என்று மிரட்டும் அட்டைகள் கட்டுக் கட்டாக வந்த காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு வாரம் அம்மன் பெயரில் வரும், அடுத்த வாரம் மாதா பெயரில் வரும். வாசகம் மட்டும் மாறாது. ஆனால் அந்த அட்டை ஒவ்வொன்றுக்கும் எழுதுகிறவன் கைக்காசு போட்டாக வேண்டும், கை வலிக்க எழுதியாக வேண்டும். அந்தச் செலவே அதற்கு ஓர் அணையாக இருந்தது. மின்னஞ்சலில் அந்த அணை இல்லை. பத்துப் பேருக்கு அனுப்பினாலும் பத்து லட்சம் பேருக்கு அனுப்பினாலும் அனுப்புகிறவனுக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றே; பத்து லட்சத்தில் பத்துப் பேர் ஏமாந்தால் அவனுக்கு லாபம். செலவு நம் தலையில் விழுகிறது, நம் நேரமாக. தபாலில் விலாசதாரருக்கு இன்னொரு உரிமையும் இருந்தது. வேண்டாத கடிதத்தை "வாங்க மறுப்பு" என்று எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். அது அனுப்பியவன் வீட்டுக்கே போய்ச் சேரும்.

இந்தத் தொல்லை எப்போது தொடங்கியது என்று தேடினால் 1978 மே மாதத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் என்ற அமெரிக்க வலையில், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணிப்பொறி நிறுவனத்தின் கேரி தூயர்க் என்பவர், தமது புதிய இயந்திரங்களைப் பார்க்க வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினார். அவர்தான் இந்தக் குலத்துக்கு மூதாதை. ஆனால் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது 1994 ஏப்ரலில் நடந்ததை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதி, கணிப்பொறி வழி விவாதக் குழுக்கள் 5,000-க்கும் மேற்பட்டவற்றில் ஒரே விளம்பரத்தைக் கொட்டினார்கள். கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் பெற்று உதவுகிறோம் என்பது விளம்பரம். அந்தக் குலுக்கலுக்கு எவரும் தாமே ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கலாம்! இணையம் கண்ட முதல் பெரும் வணிகக் குப்பை குடியேறிகளைக் குறிவைத்து வந்தது என்பது தற்செயல் அன்று. ஊரைவிட்டு வந்தவனுக்கு ஏதாவது ஒரு தாள் எப்போதும் வர வேண்டியிருக்கும். வரும் வரும் என்று காத்திருப்பவன் வந்ததையெல்லாம் திறப்பான். இது விளம்பரக்காரனுக்கும் தெரியும், மோசடிக்காரனுக்கும் தெரியும்.

இதற்கு நம் வாசலிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. லாட்டரி. களியக்காவிளையைத் தாண்டிக் கேரள எல்லைக்குள் கால் வைத்ததும் இருபுறமும் லாட்டரிக் கடைகள். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டது. கேரளத்திலோ அரசே 1967 முதல் நடத்துகிறது. 2023 திருவோணம் பம்பரில் முதல் பரிசான 25 கோடி ரூபாய், வாளையாறில் டிக்கெட் எடுத்த தமிழ்நாட்டு நண்பர்கள் நால்வருக்குக் கிடைத்தது. இப்படி ஒரு செய்தி வந்தால் போதும், "கேரள லாட்டரியை வீட்டிலிருந்தே வாங்கலாம்" என்றும் "உங்கள் முகவரிக்குப் பரிசு விழுந்திருக்கிறது, வரிப் பணத்தை முன்கூட்டிக் கட்டுங்கள்" என்றும் அஞ்சல்களும் குறுஞ்செய்திகளும் படையெடுக்கின்றன. அரசு முத்திரை, அதிகாரியின் கையெழுத்து எல்லாம் அச்சு அசலாக இருக்கும். கேரள அரசு லாட்டரி காகித டிக்கெட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. இணைய வழி விற்பனை கிடையாது. பரிசு வேண்டுமானால் அசல் டிக்கெட்டை 30 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். எடுக்காத டிக்கெட்டுக்குப் பரிசு விழாது. எல்லையில் இருக்கும் நமக்கு இது பாலபாடம். ஆனால் சென்னையிலும் மும்பையிலும் இருக்கும் நம் உறவினர்களுக்குத் தெரியாது. "உங்க ஊர் லாட்டரிதானே அத்தான், இது நெசமா?" என்று எனக்கே தொலைபேசி வந்திருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் கேட்டார்களே என்று நிம்மதிப்பட்டேன். கேட்காதவர்கள் எத்தனை பேரோ.

வளைகுடா வேலை என்று வரும் அஞ்சல்களும் இதே சாதிதான். அதற்கும் ஓர் உரைகல் இருக்கிறது. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் வரியும். அஞ்சலில் இருக்கும் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

மோசடி அஞ்சலால் பணம் போகிறது. வெறும் விளம்பரத்தால் அப்படி என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பாறசாலையை அடுத்த ஓர் ஊரில் எனக்கு வேண்டிய குடும்பம் ஒன்று. தகப்பனார் சிறு கடை வைத்திருக்கிறார். மகள் செவிலியர் படிப்பு முடித்து வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். குடும்பம் முழுவதற்கும் ஒரே மின்னஞ்சல். மகன் கல்லூரிச் சேர்க்கைக்குக் கொடுத்ததும் அதுதான். மூத்தவளுக்கு வரன் தேடப் பதிவு செய்ததும், துணிக்கடையில் சொன்னதும், செல்பேசி ரீசார்ஜுக்குக் கொடுத்ததும் அதுதான். நேர்முகத் தேர்வு அழைப்பு வந்தது. விளம்பரங்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில் போய் விழுந்தது. தேதி கடந்து ஒன்பதாம் நாள் கண்டார்கள். "அண்ணாச்சி, அது எப்ப வந்துதுன்னே தெரியல்ல" என்றார் அந்த மனிதர். அடுத்த ஆள் எடுப்புக்கு அந்தப் பெண் எட்டு மாதம் காத்திருந்தாள்.

அந்தப் பெட்டியை நானும் அவருடைய மகனும் உட்கார்ந்து பார்த்தோம். படிக்காத அஞ்சல்கள் 9,000-க்கு மேல். பார்க்கப் பார்க்க ஒன்று விளங்கிற்று. ஆயிரக்கணக்கில் வந்திருந்தாலும் அனுப்பியவர்கள் ஆயிரம் பேர் அல்லர். முப்பது பேருக்குள்தான். ஒரு வரன் தேடும் நிறுவனம் மட்டும் நாளுக்கு மூன்று என்று நான்கு ஆண்டுகளாக அனுப்பிக்கொண்டிருந்தது. மூத்தவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது; அவர்கள் இன்னும் மாப்பிள்ளை அனுப்புவதை நிறுத்தவில்லை. ஊற்றுக்கண்கள் முப்பதுதான் என்றால் அடைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. இரண்டு மாலைப் பொழுதில் முடிந்தது.

எப்படி அடைத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வேறு வீடுகளுக்கும் உதவும். பெட்டியின் தேடும் கட்டத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்தால் மொத்தமாக அனுப்பப்படும் அஞ்சல்களில் பெரும்பாலானவை வரிசையாக வந்து நிற்கும். சந்தாவை நிறுத்து என்பது அதன் பொருள். இவற்றில் நாம் உண்மையாகவே போன கடை, பதிவு செய்த நிறுவனம் என்றால் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் மேலேயே இருக்கும் அந்தப் பொத்தானைத் தட்டலாம். ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அஞ்சல் அனுப்பும் நிறுவனங்கள் ஒரே தட்டில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக்கியிருக்கின்றன. ஜிமெயிலில் 2025 ஜூலை முதல் சந்தாக்கள் எல்லாவற்றையும், யார் அதிகம் அனுப்புகிறார் என்ற வரிசையில், ஒரே பக்கத்தில் காட்டும் வசதியும் வந்திருக்கிறது.

பெயர் தெரியாத ஆள், பரிசு, கடன், 'உங்கள் கணக்கு முடக்கப்படும்' என்ற மிரட்டல், இவற்றுக்கு மேற்சொன்ன முறை ஆகாது. அந்த அஞ்சலுக்குள் இருக்கும் எதையும், 'நிறுத்து' என்று போட்டிருந்தாலும், தொடக் கூடாது. தொட்டால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவனுக்கு நாமே தகவல் சொன்னதாகிவிடும். 'ஸ்பேம்' என்று புகார் செய்யும் பொத்தானை மட்டும் தட்டிவிட்டு நகர வேண்டும். இப்படி ஒதுக்கியவை 30 நாட்களில் தாமே அழிந்துவிடும். அதனால்தான் வாரம் ஒரு முறையாவது அந்த ஒதுக்குப்புறத்தையும் எட்டிப் பார்க்கச் சொல்கிறேன். நல்ல கடிதமும் தவறிப்போய் அங்கே விழுவதுண்டு. பணமே போய்விட்டதென்றால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இவையெல்லாம் வந்த பிறகு செய்யும் வைத்தியம். வராமலிருக்க வழி, வீட்டுக்கு இரண்டு முகவரி வைத்துக்கொள்வது. ஒன்று வீட்டு விலாசம். பள்ளி, வங்கி, பாஸ்போர்ட், பி.எஸ்.சி., வேலை, மருத்துவமனை, நெருங்கிய உறவு, இவர்களுக்கு மட்டும். மற்றது சந்தை விலாசம். கடை, வரன், ரீசார்ஜ், சினிமா டிக்கெட் எல்லாம் அதில் வந்து குவியட்டும். மாதம் ஒரு முறை திறந்தால் போதும். வயது வந்த பிள்ளைகளுக்கு அவரவர் பெயரில் தனி முகவரி வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்வேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. நம்மவர் பலருடைய முகவரி அவர்களுடைய கையிலேயே இல்லை. ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காக அட்சய மையத்திலோ பிரவுசிங் கடையிலோ அவசரமாக உண்டாக்கிக் கொடுத்தது. கடவுச்சொல் அந்தக் கடைப் பையனுக்குத்தான் தெரியும். சில இடங்களில் கடையின் சொந்த முகவரியையே ஐம்பது பேர் விண்ணப்பத்திலும் எழுதிவிடுகிறார்கள். படிவம் முழுவதும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதால் நம் மூத்தவர்கள் என்ன எழுதப்பட்டது என்று பார்ப்பதில்லை. குப்பையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பெற வேண்டும்.

பொறுப்பையெல்லாம் நம் தலையிலேயே போட்டுக்கொள்வதும் நியாயமில்லை. தொலைபேசி விளம்பரத்துக்கு இந்நாட்டில் 2007 முதலே 'தொல்லை வேண்டாம்' பதிவேடு இருக்கிறது. 1909-க்குச் சொன்னால் போதும். 2025 முதல் குறுஞ்செய்தி அனுப்புகிறவர் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கிறது. 'பி' என்றால் விளம்பரம், 'ஜி' என்றால் அரசு. மின்னஞ்சலுக்கு அப்படிப்பட்ட பதிவேடும் இல்லை, அடையாளமும் இல்லை. அமெரிக்கா 2003-லேயே தனிச் சட்டம் இயற்றியது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தொல்லை தரும் மின்னஞ்சலைக் குறிப்பிட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. பேச்சுரிமையை நெரித்த பிரிவு அது, போனது நல்லதே. ஆனால் மின்னஞ்சல் தொல்லைக்கென்று அதன் இடத்தில் வேறொன்று வரவில்லை. பில் போட செல்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே கடைக்காரர் கேட்டால் "இல்ல" என்று சொல்லலாம். மலையாளத்துக்கும் தமிழுக்கும் அந்த ஒரு சொல் போதும்.

ஓரளவு நம்பிக்கை தருவது 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது நெய்யாற்றின்கரையில் இருக்கும் கடையிடமும் தமிழில் காட்டு என்று கேட்கலாம். மொழிச் சிறுபான்மையினரான நமக்கு இது சிறிய விஷயமல்ல. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வருவது அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், மூத்தவர்கள் தங்கள் செல்பேசியோடு வரலாம். நம் பிள்ளைகள் நான்கைந்து பேர் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து காட்டலாம். கடவுச்சொல்லைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் தாங்களே அடிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. செயலாளர் அவர்கள் இதற்கு நாள் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.